சென்னை – யாழ்ப்பாணம் வான்வழித் தொலைவும் பறப்பு நேரமும்

சென்னைப் பன்னாட்டு விமான நிலையத்துக்கும் பலாலியில் உள்ள யாழ்ப்பாணப் பன்னாட்டு விமான நிலையத்துக்கும் இடையிலான நேர்கோட்டு வான்வழித் தொலைவு ஏறத்தாழ 354 கிலோமீட்டர் ஆகும். கடல்மைல் கணக்கில் இது 191. இத்தடத்தில் பறக்கும் ஏடிஆர் 72 வகை விமானங்களுக்கு அட்டவணையில் 1 மணி 15 நிமிடம் முதல் 1 மணி 30 நிமிடம் வரை ஒதுக்கப்படுகிறது.

சென்னையிலிருந்து மதுரை விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 416 கிலோமீட்டர் தொலைவிலும், கோவை விமான நிலையம் சுமார் 404 கிலோமீட்டர் தொலைவிலும் உள்ளன. அதாவது தமிழ்நாட்டின் இந்த இரண்டு நகரங்களையும்விட யாழ்ப்பாணமே சென்னைக்கு அருகில் இருக்கிறது. அப்படியிருந்தும் 2019 வரை பல பத்தாண்டுகளாக, சென்னையில் விமானம் ஏறிய ஒருவர் யாழ்ப்பாணத்தில் இறங்க வழியில்லாமல் இருந்தது. தொலைவு மாறவில்லை, பயண நேரம்தான் ஒரு மணி நேரத்திலிருந்து ஒரு முழு நாளாக நீண்டு, மீண்டும் சுருங்கியது.

தொலைவைக் கணக்கிடும் முறை

இரண்டு நகரங்களுக்கு இடையிலான வான்வழித் தொலைவைக் காணக் கோள முக்கோணக் கணிதம் தேவைப்படும். இந்தத் தடத்துக்கு அது தேவையில்லை. சென்னை விமான நிலையம் வட அட்சரேகை 12.99 பாகையிலும் கிழக்குத் தீர்க்கரேகை 80.17 பாகையிலும் உள்ளது. பலாலி வட அட்சரேகை 9.79, கிழக்குத் தீர்க்கரேகை 80.07. இரண்டும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில் அமைந்தவை. சென்னையிலிருந்து நேர் தெற்கே, இம்மியளவு மேற்கே சாய்ந்து பறந்தால் பலாலி வந்துவிடும்.

ஆகவே அட்சரேகை வேறுபாடு ஒன்றே போதும். அது 3.2 பாகை. ஒரு பாகை அட்சரேகை என்பது 60 கடல்மைல். கடல்மைல் என்ற அளவே அப்படித்தான் பிறந்தது. 3.2 பாகையை 60ஆல் பெருக்கினால் 192 கடல்மைல். ஒரு கடல்மைல் 1.852 கிலோமீட்டர் என்பதால் விடை 355.6 கிலோமீட்டர். பூமி சரியான உருண்டை அல்ல, துருவங்களில் சற்றே தட்டையானது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் ஒரு பாகையின் நீளம் சராசரியைவிடக் கொஞ்சம் குறைவு, சுமார் 110.6 கிலோமீட்டர். அதைக் கொண்டு பெருக்கினால் 354 கிலோமீட்டர் கிடைக்கும். தீர்க்கரேகை வேறுபாடான 0.1 பாகை, கிழக்கு மேற்காக 11 கிலோமீட்டர். ஆனால் நீண்ட செங்கோண முக்கோணத்தின் குட்டைப் பக்கம் அது. கர்ணத்தோடு 200 மீட்டரைக்கூட அது சேர்ப்பதில்லை.

பள்ளி மாணவர் ஒருவர் தாளும் பென்சிலும் வைத்துக்கொண்டு சரிபார்த்துவிடக்கூடிய விமானத் தடங்கள் மிகச் சில. சென்னையிலிருந்து இலண்டனுக்கோ டொராண்டோவுக்கோ உள்ள குறுகிய வழியைத் தட்டையான உலகப் படத்தில் வரைந்தால் அது வடக்கு நோக்கி வில்லாக வளைந்து தெரியும். நேர்கோடு வரைந்தவர் அதிகத் தொலைவைக் காட்டிவிடுவார். யாழ்ப்பாணத் தடத்தில் அந்தத் தொல்லை இல்லை. படத்தில் அடிமட்டம் வைத்து இழுக்கும் கோடும் பூமிப் பரப்பின் மிகக் குறுகிய வழியும் இங்கே ஒன்றே. அந்தக் கோடு மீனம்பாக்கத்திலிருந்து கிளம்பி, கல்பாக்கத்தை ஒட்டி நிலத்தைவிட்டு விலகிக் கடலுக்குள் செல்கிறது. புதுச்சேரி, கடலூர், நாகப்பட்டினம் ஆகியவற்றைக் கடலிலிருந்தபடி வலப்பக்கம் விட்டு, கோடியக்கரைக்குக் கிழக்கே பாக்கு நீரிணையைக் கடந்து யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையை அடைகிறது.

வேறுபடும் எண்கள்

இதே தொலைவைத் தேடுவோருக்கு 354, 356, 380, 400 எனப் பல எண்கள் கிடைக்கும். இவற்றில் பெரும்பாலானவை தவறானவை அல்ல. அளந்த புள்ளிகள் வேறு. முதல் இரண்டும் விமான நிலையத்திலிருந்து விமான நிலையம் வரை அளந்தவை. பூமியை உருண்டையாகக் கொள்வதா தட்டைக் கோளமாகக் கொள்வதா என்பதில் மட்டும் மாறுபடுகின்றன. 380 என்பது நகர மையத்திலிருந்து நகர மையம். மீனம்பாக்கம் சென்னையின் தெற்கு ஓரத்தில் இருக்கிறது. பலாலியோ யாழ்ப்பாண நகருக்கு வடக்கே 15 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, கடற்கரையோடு ஒட்டி இருக்கிறது. இரண்டு நிலையங்களும் தத்தம் நகரங்களிலிருந்து ஒன்றையொன்று நோக்கி நகர்ந்து நிற்பதால் வானில் கடக்க வேண்டிய தொலைவு 25 கிலோமீட்டர் குறைந்துவிடுகிறது. அந்த மிச்சத்தைப் பயணி இரு பக்கமும் சாலையில் கடந்தே ஆக வேண்டும்.

400ஐ ஒட்டிய எண்கள் விமானம் உண்மையில் பறக்கும் பாதையைக் குறிக்கலாம். அது நேர்கோட்டைவிட எப்போதும் நீளமானது.

பறப்பு நேரம்

ஏடிஆர் 72-600 விமானத்தின் சீர்வேகம் மணிக்கு சுமார் 510 கிலோமீட்டர். 354ஐ 510ஆல் வகுத்தால் 42 நிமிடம் வருகிறது. அட்டவணையில் இருப்பதோ அதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. தொலைவை வேகத்தால் வகுத்துப் பறப்பு நேரம் சொல்லும் கணிப்பான்கள் குறுந்தடங்களில் தவறுவது இங்கேதான்.

முதலில், அட்டவணை நேரம் என்பது வானில் இருக்கும் நேரம் அல்ல. புறப்படும் இடத்தில் சக்கரத்துக்கு அண்டை கொடுத்த கட்டையை எடுத்த நிமிடம் தொடங்கி, சேரும் இடத்தில் மீண்டும் கட்டை வைக்கும் நிமிடம் வரையிலானது அது. சென்னையில் விமானம் நிறுத்துமிடத்திலிருந்து நகர்ந்து, ஓடுபாதையின் முனைக்குப் போய், முன்னே நிற்கும் விமானங்கள் கிளம்பும்வரை காத்திருக்க வேண்டும். நெரிசல் வேளையில் இதற்குக் கால் மணி நேரம் போய்விடும். பலாலியில் அந்தக் கூட்டம் இல்லை. இறங்கிய சில நிமிடங்களில் படிக்கட்டு திறந்துவிடும்.

இரண்டாவது, சீர்வேகத்தை எட்டுவதற்கே நேரம் பிடிக்கும். உந்துவிசிறி பூட்டிய ஏடிஆர் மெதுவாக ஏறுகிறது. பறக்கும் உயரத்தை அடையக் கால் மணி நேரத்துக்குக் குறையாது. ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு. 354 கிலோமீட்டர் தடத்தில் ஏற்றமும் இறக்கமும் பாதிக்கு மேல் தின்றுவிடுவதால், விமானம் முழு வேகத்தில் பறப்பது நடுவில் கொஞ்ச நேரம்தான்.

மூன்றாவது, ஓடுபாதைகளின் திசை. சென்னையின் முதன்மை ஓடுபாதை ஏறக்குறைய கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. தெற்கே போக வேண்டிய விமானம் கடலை நோக்கியோ அதற்கு எதிர்ப்புறமாகவோ கிளம்பிப் பிறகுதான் திரும்ப முடியும். பலாலியின் ஓடுபாதை வடகிழக்கு–தென்மேற்காக அமைந்தது. விமானம் எப்போதும் காற்றை எதிர்கொண்டே இறங்க வேண்டும் என்பதால், எந்தப் பக்கமிருந்து இறங்குவது என்பதைப் பருவக்காற்று தீர்மானிக்கிறது. யாழ்ப்பாணத்தில் சோளகம் என்று சொல்லப்படும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் விமானம் கடல் பக்கமிருந்து, அதாவது வடகிழக்கு முனையிலிருந்து இறங்கலாம். வடக்கிலிருந்து வருவதற்கு இது வாகானது. வாடைக்காற்றுக் காலத்தில் குடாநாட்டைத் தாண்டித் தென்மேற்கே போய், வளைந்து திரும்பி வர வேண்டியிருக்கும். அதற்குச் சில நிமிடங்கள் கூடும்.

பறக்கும் உயரத்தில் காற்றின் தாக்கம் இத்தடத்தில் சிறியது. நேர் எதிரே மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று அடித்தாலும் 42 நிமிடம் 45 ஆகும். பின்னிருந்து தள்ளினால் 39 ஆகும். பருவக்காற்றுகள் பெரும்பாலும் தடத்துக்குக் குறுக்காக வீசுபவை என்பதால் போகும் நேரமும் வரும் நேரமும் அட்டவணையில் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன.

இவற்றோடு, பாக்கு நீரிணைக்கு மேல் விமானம் சென்னைக் கட்டுப்பாட்டிலிருந்து கொழும்புக் கட்டுப்பாட்டுக்குக் கைமாறுகிறது. இது வானொலியில் நடக்கும் சிறு உரையாடல், நேரம் எடுப்பதில்லை. எல்லாவற்றையும் கூட்டினால் தரையைவிட்ட கணம் முதல் தரை தொட்ட கணம் வரை ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். எஞ்சியது தரையில் ஊர்வதற்கும், தாமதம் நேர்ந்தால் தாங்கிக்கொள்ள நிறுவனங்கள் சேர்த்துவைக்கும் உபரிக்கும்.

பன்னாட்டுப் பயணம் என்பதால் இரண்டு மூன்று மணி நேரம் முன்னதாக நிலையத்துக்கு வரவேண்டும். குடிவரவு, சுங்கம் ஆகியவற்றைக் கடக்க வேண்டும். கோவைக்குப் போகிறவருக்கு இந்தச் சுமை இல்லை. கிலோமீட்டரில் யாழ்ப்பாணம் அருகில் இருந்தாலும், வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை பார்த்தால் கோவையே முந்திக்கொள்ளும்.

ஓடுபாதையும் அதைச் சுற்றியுள்ள காணியும்

சென்னை – கொழும்பு தடத்தில் ஏர்பஸ் ஏ320 போன்ற ஜெட் விமானங்கள் பறக்கும்போது யாழ்ப்பாணத் தடத்தில் ஏடிஆர் மட்டும் பறப்பதற்குக் காரணம் பலாலி ஓடுபாதையின் நீளக் குறைவு. அத்தகைய ஜெட் விமானம் முழுச் சுமையோடு எழும்பச் சுமார் 2 கிலோமீட்டர் ஓடுபாதை வேண்டும். 70 முதல் 78 இருக்கைகள் கொண்ட ஏடிஆர் அதைவிட வெகு குறைவான நீளத்தில் எழும்பி இறங்கிவிடும். ஓடுபாதை குறுகும்போது, எழும்பும் எடைக்கும் ஓர் எல்லை வந்துவிடுகிறது. பயணிகள், பொதிகள், எரிபொருள் ஆகிய மூன்றும் அந்த எல்லைக்குள் அடங்க வேண்டும். எரிபொருளில் கைவைக்க முடியாது. பலாலியில் வானிலை மோசமானால் வேறொரு நிலையத்துக்குப் போகவும், அதற்கு மேல் அரை மணி நேரம் வட்டமிடவும் போதுமான அளவு எப்போதும் கூடவே வர வேண்டும். மார்கழி மழையில் மீனம்பாக்கத்துக்கே திரும்ப நேர்ந்தாலும் விமானத்துக்குக் கவலை இல்லை, பயணிக்குத்தான். எடையைக் குறைக்க வேண்டிய நாளில் குறைவது பொதியாகவோ இருக்கையாகவோதான் இருக்கும்.

ஜெட் விமானம் வந்தாலும் பறப்பு நேரத்தில் பத்து நிமிடம் குறைவதே பெரிது. ஓடுபாதை நீண்டால் கிடைக்கும் உண்மையான பயன், இருக்கைகளும் எடுத்துச்செல்லும் பொதியும் கூடுவதும், சென்னை, திருச்சியைத் தாண்டிய ஊர்களிலிருந்து நேரடியாக வர முடிவதும் ஆகும். ஆனால் பலாலியில் ஓடுபாதையை நீட்டுவது பொறியியல் வேலை மட்டுமல்ல. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானிய வான்படைக்காக அமைக்கப்பட்ட இந்தத் தளத்தைச் சுற்றி, உள்நாட்டுப் போரின்போது உயர் பாதுகாப்பு வலயம் விரிக்கப்பட்டது. 1990இல் வலிகாமம் வடக்கின் ஊர்கள் காலியாயின. வயலும் வீடும் கோயிலும் பள்ளியும் வேலிக்குள் போயின. போருக்குப் பிறகு காணிகளில் ஒரு பகுதி கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டாலும், மீதியைக் கேட்டு உரிமையாளர்கள் தொடர்ந்து குரல் கொடுத்து வருகின்றனர். விமானம் வேண்டும், காணியும் வேண்டும் என்பதே அப்பகுதி மக்களின் நிலை. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று காட்டுவது எளிது. ஆனால் அது நியாயமான சித்திரம் அல்ல.

நேர் வழி இருந்த காலம்

சென்னை – யாழ்ப்பாணம் விமானம் 2019இல் புதிதாகப் பிறந்தது அல்ல. ஏர் சிலோன் நிறுவனம் தன் முதல் சேவையை 1947 டிசம்பர் 10 அன்று தொடங்கியபோது, டக்ளஸ் டிசி-3 விமானம் இரத்மலானையில் கிளம்பி, அன்று காங்கேசன்துறை என்ற பெயரால் குறிக்கப்பட்ட பலாலி வழியாகச் சென்னைக்குச் சென்றது. இலங்கை விடுதலை பெற அப்போது இன்னும் இரண்டு மாதங்கள் இருந்தன. நாட்டின் தேசிய விமான நிறுவனம் பறந்த முதல் தடமே யாழ்ப்பாணத்தையும் சென்னையையும் இணைத்தது என்பது இன்று பலருக்கு வியப்பாக இருக்கும்.

மணிக்கு 290 கிலோமீட்டர் வேகத்தில் போகும் டிசி-3 இந்தத் தொலைவை வானில் கடக்கக் கணக்குப்படி 1 மணி 13 நிமிடம் ஆகும். இன்றைய அட்டவணை நேரமும் ஏறக்குறைய அதுவே. எழுபது ஆண்டுகளில் எந்திரம் அடைந்த வேகத்தையெல்லாம் நெரிசலும் நடைமுறைகளும் விழுங்கிவிட்டன.

ஏர் சிலோன் 1970களின் இறுதியில் மூடப்பட்டது. அடுத்த பத்தாண்டில் போர் மூண்டது. 1987 முதல் 1990 வரை இந்திய அமைதிப் படையின் போக்குவரத்து விமானங்கள் பலாலியில் வந்திறங்கின. இந்தியாவிலிருந்து வழி இருந்தது, பயணிகளுக்கு இல்லை.

சுற்று வழி

நேர் வழி அடைபட்ட பிறகு சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் செல்ல எஞ்சியது கொழும்பு வழி. சென்னை – கட்டுநாயக்க வான்தொலைவு சுமார் 645 கிலோமீட்டர். விமானம் யாழ்ப்பாணத்தைக் கடந்து அதற்கும் தெற்கே 290 கிலோமீட்டர் போய் இறங்குகிறது. அங்கிருந்து தரைவழியே ஏறத்தாழ 400 கிலோமீட்டர் வடக்கே திரும்பி வர வேண்டும். ஆக, 354 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஊருக்கு 1,000 கிலோமீட்டருக்கு மேல் பயணம். சாலை திறந்திருந்த நாளில் இது இரவுப் பேருந்தையும் சேர்த்து ஒரு நாள்.

சாலை எப்போதும் திறந்திருக்கவில்லை. குடாநாட்டுக்குச் செல்லும் ஏ9 நெடுஞ்சாலை 2002இல் போர்நிறுத்தத்தை ஒட்டித் திறக்கப்படும்வரை நீண்ட காலம் மூடிக் கிடந்தது. 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடப்பட்டு, போர் முடிந்த பிறகே திறந்தது. இடைப்பட்ட காலங்களில் இரத்மலானை – பலாலி உள்நாட்டு விமானமும் கப்பலுமே குடாநாட்டு மக்களுக்கு வழி. அந்த 330 கிலோமீட்டர் வான்வழியும் அச்சம் நிறைந்ததாகவே இருந்தது. 1998 செப்டம்பர் 29 அன்று பலாலியிலிருந்து இரத்மலானைக்குக் கிளம்பிய லயன் ஏர் நிறுவனத்தின் அன்டோனோவ் விமானம் மன்னாருக்கு அப்பால் கடலில் விழுந்து, அதிலிருந்த 55 பேரும் இறந்தனர். வெறும் கிலோமீட்டர் கணக்கு இந்தப் பயணங்களைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

மீண்டும் தொடங்கிய சேவை

பலாலி 2019 அக்டோபர் 17 அன்று யாழ்ப்பாணப் பன்னாட்டு விமான நிலையமாகத் திறந்துவைக்கப்பட்டது. நவம்பர் 11 முதல் அலையன்ஸ் ஏர் சென்னையிலிருந்து முறையான சேவையைத் தொடங்கியது. நான்கு மாதங்கள் ஓடியது. 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் நின்ற சேவை, இலங்கையின் பொருளாதார நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, 2022 டிசம்பர் 12 அன்றுதான் மீண்டும் வந்தது. 2024 செப்டம்பர் 1 முதல் இண்டிகோவும் இத்தடத்தில் பறக்கிறது.

கடல்வழியும் இதே காலத்தில் திறந்தது. நாகப்பட்டினம் – காங்கேசன்துறை பயணிகள் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் தொடர்ந்தது. சுமார் 60 கடல்மைல் தொலைவைக் கடக்க அதற்கு ஏறத்தாழ 4 மணி நேரம் ஆகிறது. டெல்டா மாவட்டங்களில் இருப்போருக்குச் சென்னை போய் விமானம் ஏறுவதைவிட இது வசதி. சென்னைவாசிக்கு அப்படி அல்ல.

கடிகாரம்

பயணச்சீட்டில் அச்சாகும் புறப்படும் நேரமும் சேரும் நேரமும் அந்தந்த ஊர் நேரம் என்பதால், ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துப் பறப்பு நேரம் காண்பது பல தடங்களில் தவறான விடை தரும். சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இன்று ஒரே நேரம். கழித்தால் சரியான விடை கிடைக்கும். ஆனால் இதுவும் எப்போதும் இப்படி இருந்ததில்லை. மின்சாரத்தைச் சேமிக்க இலங்கை 1996 மே மாதம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளியது. அதே ஆண்டு அக்டோபரில் அரை மணி நேரம் பின்வாங்கியது. 2006 ஏப்ரலில் இந்திய நேரத்தோடு மீண்டும் ஒன்றானது. இந்தப் பத்தாண்டு முழுவதும் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் பழைய நேரத்தையே பின்பற்றின. ஒரே தீவில் இரண்டு நேரம் ஓடியது. அன்று சென்னையிலிருந்து கொழும்பு போனவர் கடிகாரத்தை அரை மணி முன்தள்ளி, அங்கிருந்து வன்னிக்குள் நுழைந்ததும் பின்னுக்குத் திருப்ப வேண்டியிருந்தது.

திருச்சித் தடம்

2025 மார்ச் 30 முதல் திருச்சிராப்பள்ளியிலிருந்தும் யாழ்ப்பாணத்துக்கு விமானம் உண்டு. வான்தொலைவு சுமார் 185 கிலோமீட்டர். சென்னைத் தடத்தில் பாதியைவிடச் சற்றே கூடுதல். சீர்வேகத்தில் வகுத்தால் 22 நிமிடம். அட்டவணையிலோ ஏறத்தாழ ஒரு மணி நேரம். ஊர்தல், ஏற்றம், இறக்கம், உபரி ஆகியவை தொலைவோடு சேர்ந்து பாதியாவதில்லை என்பதால் 170 கிலோமீட்டர் குறைந்தும் மிச்சமாவது கால் மணி நேரத்துக்கு மேல் சிறிதளவே. தஞ்சாவூர், புதுக்கோட்டை, மதுரைப் பக்கத்திலிருந்து வருவோருக்கு மிச்சமாவது வானில் அல்ல. சென்னைக்குப் போகும் ஐந்தாறு மணி நேர இரவு ரயிலில்.